பதினாலு நாள் மாத்திரை

போன ஆவணியில் சாந்தா இறந்துபோனதற்கும் அந்தக் குட்டி மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் வேறு மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. அவள் இறந்தது கணையத்தில் வந்த கட்டியால். கண்டுபிடித்த பிறகு மூன்று மாதம் இருந்தாள். அந்த மாத்திரையை அவள் கடைசியாக விழுங்கியது அதற்கு ஒரு வருஷம் முன்னால், ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

குன்னத்துக்கு வடக்கே நாலு கிலோமீட்டரில் ஊர். மானாவாரி நிலம் மூன்று ஏக்கர். ஒரு வருஷம் மக்காச்சோளம், ஒரு வருஷம் பருத்தி. கிணற்றை ஒட்டி அரை ஏக்கரில் சின்ன வெங்காயம். புருஷன் அங்கமுத்து. ஒரே மகள் சுவாதி, அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையில் கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர். சாந்தா எட்டாவது வரை படித்தவள். பருத்தி எடுக்கும்போது அவளை முந்திக்கொண்டு எந்தப் பெண்ணும் நிரை முடித்ததில்லை. வாய் கையைவிட வேகம்.

சாமி விஷயத்தில் மட்டும் அவள் ரொம்பக் கறார். வேண்டிக்கொண்டது குறையக் கூடாது, கூடவும் கூடாது. சுவாதி பிளஸ் டூ எழுதியபோது, ஆயிரம் மார்க் வாங்கினால் மொட்டை போடுகிறேன் என்று ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். சுவாதி வாங்கியது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. சாந்தா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு கோயிலுக்குப் போய் நுனிமுடியை நறுக்கிப் பூமுடி மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு மார்க்குக்கு ஆத்தாகிட்ட வழக்கடிக்கிறியேடி" என்றார் அங்கமுத்து.

"ஆயிரம்னுதான பேச்சு. அவளும் நானும் பேசிக்கிட்டது. நடுவுல நீங்க யாரு?"

அந்த மாத்திரைக்குக் காரணமான பயம் முதல் தடவை வந்தது ஒரு புரட்டாசி மாதம், காலை பத்து மணிக்கு. பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பாம்பு இல்லை, இடி இல்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. தொண்டை அடைத்தது. விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறோம் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. களைக்கொத்தை ஓரமாக வைத்தாள். புடவையைக் கால்வரை இழுத்துச் சரிசெய்துகொண்டு வரப்பில் நீட்டிப் படுத்தாள். செத்தாலும் அலங்கோலமாகக் கிடக்கக் கூடாது.

நாலு பேர் தூக்கிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவளுக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பஸ்ஸில் வந்தது. சாவு வீட்டில் வந்தது. அடுப்படியில், ரசம் கொதிக்கும்போது வந்தது. மூன்று தடவை ஈசிஜி எடுத்தார்கள். திருச்சிக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தார்கள். எல்லாம் நார்மல்.

"நார்மல்னா நான் ஏன் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்?" என்று அவள் கேட்டதற்கு, திருச்சியில் ஒரு மனநல டாக்டர்தான் பதில் சொன்னார்.

"உங்க இதயம் நல்லாருக்கும்மா. பயம்தான் நோய். பதற்ற நோய்னு சொல்லுவோம்."

"எதப் பாத்துங்க பயம்?"

"எதையும் பாக்கணும்னு இல்ல. ஆளே வராம நாய் குலைக்கும்ல, அந்த மாதிரி."

அந்தப் பதில் சாந்தாவுக்குப் பிடித்துவிட்டது. அப்படியென்றால் நாய்க்குத்தான் வைத்தியம், தனக்கில்லை.

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, பெரியது. அது வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், ஆனால் ஒரு வருஷமாவது சாப்பிட வேண்டும். ராத்திரி ஒன்று, குட்டி. குளோனசிபாம், அரை மில்லிகிராம். பெரிய மாத்திரை பிடிக்கிறவரைக்கும் தாக்குப்பிடிக்க மட்டும், பதினாலு நாள். அதன்பிறகு திரும்ப வரச் சொன்னார்.

ஊர் திரும்பும்போது பஸ் சமயபுரத்தைத் தாண்டியது. சாந்தா சீட்டிலிருந்தே கும்பிட்டாள். ஆனால் வேண்டிக்கொண்டது தன் ஊர் மாரியம்மனிடம். பெரிய இடத்தில் கூட்டம் ஜாஸ்தி, தன் குரல் கேட்காது என்பது அவள் எண்ணம். 'இந்தப் படபடப்ப எடுத்துடு தாயே, ஒனக்குத் தீச்சட்டி எடுக்கறேன்.' அன்று ராத்திரி குட்டி மாத்திரையைப் போட்டாள். அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த கை விட்டது. பல மாதத்துக்குப் பிறகு விடிகிறவரை தூங்கினாள்.

அதிலிருந்துதான் சிக்கல். பெரிய மாத்திரை வயிற்றைப் புரட்டியது, வேறொன்றும் செய்யவில்லை. ஆறாம் நாள் அதை நிறுத்திவிட்டாள். வேலை செய்கிற மாத்திரையை வைத்துக்கொண்டு வேலை செய்யாததை விடுவதுதானே நியாயம். பதினாலாம் நாள் வெங்காயம் பிடுங்கி, காயவைத்து, விலை ஏறுகிறவரை சேர்த்துவைக்கப் பட்டறை போட வேண்டியிருந்தது. திருச்சிக்குப் போக முடியவில்லை. குன்னத்தில் மெடிக்கல் வைத்திருந்த வைரக்கண்ணு அவளுக்குத் தம்பி முறை. கேட்டதும் கொடுத்தான். டாக்டர் எழுதிய சீட்டு மடித்து மடித்துக் கிழிகிறது என்று அவனே எதிர்க்கடையில் லேமினேட் பண்ணியும் கொடுத்தான். பதினாலு நாள் சீட்டு ஏழு வருஷம் கிழியாமல் இருந்தது. நாலாம் வருஷத்தில் ஒரு மாத்திரை போதவில்லை, இரண்டானது.

தீச்சட்டி மட்டும் அவள் எடுக்கவில்லை. வருஷா வருஷம் வைகாசியில் காப்புக் கட்டும்போது அங்கமுத்து கேட்பார். "என்னா, இந்த வருசமாவது எடுக்கறியா?"

"யாரு நிறுத்துனதுன்னு தெரியல. ஆத்தா நிறுத்தியிருந்தா எடுக்கணும். மாத்திர நிறுத்தியிருந்தா எதுக்கு எடுக்கறது? செய்யாத வேலைக்குக் கூலி குடுத்தா அவளுக்கே அது பிடிக்காது."

சுவாதி வந்துபோகும்போதெல்லாம் அம்மாவைக் கவனிக்கத்தான் செய்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவது, கிணற்று மேட்டில் கால் தடுமாறுவது, பேச்சுக்கு நடுவில் வார்த்தையைத் தேடுவது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். சாந்தாவுக்கு அப்போது ஐம்பத்து நாலுதான். லேமினேட் செய்த சீட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. திரையில் ஆயிரம் எண்களைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவள், அந்தச் சீட்டில் மாத்திரைப் பெயருக்கு நேரே இருந்த 14 என்ற எண்ணைப் படிக்கவில்லை. பிரஷர் மாத்திரை என்று நினைத்திருந்தாள்.

ஏழாம் வருஷத்து வைகாசி. ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டு, ஒன்பதாம் நாள் திங்களன்று தீச்சட்டி. காப்புக் கட்டினால் ஊரில் யாரும் கவுச்சி தொட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கிறவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் குடிக்கிற அங்கமுத்துவும் அந்த ஒன்பது நாள் குடிப்பதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று கயிறு கட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தவர், விளையாட்டாகத்தான் சொன்னார். "எனக்குப் பாட்டிலு, ஒனக்கு அட்ட. நான் காப்புக்கு நிறுத்திட்டேன். ஒன்னால முடியுமா?"

 சாந்தாவுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. ஏழு வருஷமாகத் தெரியாமலிருந்ததைத் தெரிந்துகொள்ளலாம். மாத்திரையை நிறுத்தினால் படபடப்பு வருகிறதா, வரவில்லையா? வரவில்லை என்றால் எடுத்தது ஆத்தா. இந்த வருஷமே சட்டி எடுத்துவிடலாம். உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து அங்கமுத்துவிடம் கொடுத்தாள். "நீங்களே வெச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க." கையோடு கோயிலுக்குப் போய்ப் பூசாரி தங்கசாமியிடம் சட்டிக்குப் பேர் கொடுத்துக் காப்பும் கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் ராத்திரி கொஞ்சம் தூங்கினாள். இரண்டாம் ராத்திரி இல்லை. செவ்வாய்க்கிழமை தண்ணீர்ச் செம்பைத் தூக்கியபோது கை ஆடியது. புதன்கிழமை, யாரோ தட்டை வைத்த சத்தம் மண்டைக்குள் விழுந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. ரவிக்கை முதுகில் நனைந்து ஒட்டியது. நிற்கிற தரை லேசாக நகர்வதுபோல இருந்தது. இது பழைய பயம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. பழையது வந்தால் கால் மணி நேரத்தில் போய்விடும். இது போகவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலில் பம்பை அடித்தார்கள். முதல் அடியிலேயே சாந்தாவின் தோள் குலுங்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. பல் கிட்டியது. அவள் தூணைப் பிடிக்கத்தான் கையை நீட்டினாள். பக்கத்திலிருந்த பெண்கள் அதை வேறாகப் பார்த்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

பக்கத்து வீட்டு ஆண்டாயி காலில் விழுந்தாள். சாந்தாவைவிடப் பத்து வயது மூத்தவள். "தாயே, எம் மவன் நாளைக்குப் போர் போடறான். தண்ணி வருமா, சொல்லு தாயே."

"எனக்குத் தூக்கமே வரல, இவளுக்குத் தண்ணி வரணுமாம்" என்றாள் சாந்தா. பல் அடித்துக்கொண்டதில் குரல் வேறு மாதிரி வந்தது. "ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடக்கேன். போங்கடி. போய் எல்லாரும் படுங்க."

ஆண்டாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராத்திரியில் போர் போடக் கூடாது என்று ஆத்தா சொல்லிவிட்டாள் என்று கூட்டம் முடிவு செய்தது. ஆண்டாயி மகன் பகலில்தான் போட்டான். தண்ணீரும் வந்தது. அதற்கப்புறம் வந்தது ஆத்தா இல்லை என்று எத்தனை சொன்னாலும் ஆண்டாயி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கமுத்து எதிரே நின்றார். அவருக்கு மரியாதையாக நிற்பதா, பக்கத்தில் உட்காருவதா என்று தெரியவில்லை.

"ஆத்தா வரலங்க" என்றாள் சாந்தா.

"சும்மா இரு. ஊரே பாத்துச்சி."

"உள்ள இருந்தது நான்தான? எனக்குத் தெரியாதா? உள்ள யாருமே இல்ல. நடுக்கம் மட்டுந்தான் இருக்குது. பொய்யா எங்கால்ல வுழுந்துட்டாங்க, எனக்கு அதுதான் பெரிய பயமா இருக்குது."

அங்கமுத்து மகளுக்குப் போன் போட்டார். பாதி பெருமை, பாதி கலக்கம். "அம்மாவுக்கு ஆத்தா எறங்கிட்டா."

"என்னப்பா சொல்ற? அம்மா மாத்திரை போட்டுக்கிச்சா?"

"காப்புக் கட்டியிருக்கும்மா. ஞாயித்துக்கெழமையே நிறுத்திட்டா. அட்ட என் சட்டப் பையிலதான் இருக்கு."

"எந்த மாத்திரை? பேரப் படிப்பா."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சுவாதி பேரைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "எத்தனை வருசமா?" என்று கேட்டாள். பெரம்பலூரில் அவளுக்குத் தெரிந்த ஒரு மனநல டாக்டர் இருந்தாள், ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி. அவளிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தாள். ஏழு வருஷம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, இப்போதே வழக்கமான அளவைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். அங்கமுத்து அட்டையை எடுத்து நீட்டினார். சாந்தா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சுவாதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் அவள் கைக்குள்ளேயே துடித்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"காப்பு இருக்குது. எல்ல தாண்ட மாட்டேன்."

"அப்ப மாத்திரையாவது போடு."

"திங்கக்கெழம சட்டி எடுக்கற வரைக்கும் கெடையாது."

"சட்டிய வெச்சிக்கிட்டு வலிப்பு வந்தா? நெருப்பும்மா அது."

"ஆத்தா பாத்துக்குவா."

சுவாதி தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிப் பார்த்தாள். சிமெண்டு சுடுகிற சூளை ஒரு பெரிய இரும்பு உருளை, படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்றால் டக்கென்று நிறுத்த முடியாது. சின்ன மோட்டாரைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே ஆறவைக்க வேண்டும். இல்லையென்றால் உருளை வளைந்துபோகும், உள்ளே பதித்திருக்கிற செங்கல் விழுந்துவிடும். "ஒன் உடம்பு ஏழு வருசமா அந்த மாத்திரைக்குப் பழகிருக்கு. நிறுத்தலாம். ஆனா இப்பிடி இல்ல."

சாந்தா கவனமாகக் கேட்டாள். "எத்தன நாளு ஆவும், சூள ஆற?"

"ரெண்டு மூணு நாள்."

"எனக்கு?"

"ஒரு வருசம்கூட ஆவலாம்."

"என்னடி, சூளையவிட நான் சூடா இருக்கனா?" என்றாள் சாந்தா. சிரிக்கப் பார்த்தாள். பல் கிட்டியது.

அங்கமுத்து போய்ப் பூசாரி தங்கசாமியைக் கூட்டிவந்தார். தங்கசாமிக்கு அறுபத்தைந்து வயது. விஷயத்தைக் கேட்டுவிட்டு மடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே இன்சுலின் ஊசி.

"காப்பக் கட்டிக்கிட்டுத்தான் தெனம் ரெண்டு வேளை தொப்புளுக்குப் பக்கத்துல குத்திக்கறேன். ஆத்தா ஒரு நாளும் ஏன்டான்னு கேட்டதில்ல. நீ மாத்திரையப் போடும்மா."

"ஒங்களுக்கு அது வியாதிக்கு" என்றாள் சாந்தா. "என்னுது அப்பிடி இல்ல. என்னுது போத. அட்டையும் பாட்டிலும் ஒண்ணுதானாம். இவருதான் சொன்னாரு."

மூன்று பேரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டது கிடையாது. வெங்காயத்தை விலை ஏறும் என்று பட்டறையில் போட்டு மொத்தமும் முளைத்துப்போன வருஷத்தில்கூட மழையைத்தான் திட்டினார்.

"நான் குடிக்காம இருந்தா எனக்குக் கோவம் வருது, அவ்வளவுதான்" என்றார். "நீ மாத்திர போடலன்னா ஒனக்கு உசுரு போவுது. ரெண்டும் ஒண்ணு இல்ல. சும்மா ஒன்னச் சீண்டறதுக்குச் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

சாந்தா அவரை உற்றுப் பார்த்தாள். "பூசாரி, நீங்க கேட்டீங்களா? தப்புன்னாரு."

"கேட்டேம்மா."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க. எங்காது ரெண்டு நாளா சரியில்ல."

அங்கமுத்து இன்னொரு தடவையும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.  சுவாதி வாங்கி மாத்திரையைப் பிரித்தாள். சாந்தா விழுங்கினாள்.

ஒரு மணி நேரம் கழித்து விரல்கள் கொஞ்சம் அடங்கின. சாந்தா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப தெரிஞ்சிபோச்சி. மாத்திரதான் நிறுத்தியிருக்குது. சட்டி எடுக்க வேணாம்."

"இல்லம்மா" என்றாள் சுவாதி. "நீ செஞ்ச சோதனையே தப்பு. இப்ப வந்தது பழைய நோய் இல்ல. திடீர்னு மாத்திரைய நிறுத்துனதால வந்த நடுக்கம். இத வெச்சி அதச் சொல்ல முடியாது."

"அப்ப இன்னும் தெரியாதா?"

"தெரியாது."

"இன்ஜினியருக்குப் படிச்சும் தெரியாதா ஒனக்கு?" என்று அலுத்துக்கொண்டு படுத்தாள். அந்த வருஷம் அவள் சட்டி எடுக்கவில்லை. அவள் பேரில் தங்கசாமி நெருப்பில்லாத பூச்சட்டி வைத்தார். வேண்டுதல் அப்படியே நின்றது.

காப்பு அவிழ்த்த மறுநாள் பெரம்பலூருக்குப் போனார்கள். டாக்டர் சுவாதியைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். சாந்தாவின் கதையை முழுக்கக் கேட்டாள். லேமினேட் சீட்டைப் பார்த்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்தக் குட்டி மாத்திரை கெட்ட மாத்திரை இல்லை, அவசரத்துக்கு இதைவிட நல்லது கிடையாது, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடுகிறதற்கில்லை என்றாள். நோய்க்கு மருந்து மெதுவாக வேலை செய்கிற அந்தப் பெரிய மாத்திரைதான். அதை முதலில் ஆரம்பிப்போம், வயிறு புரட்டினால் அளவைக் குறைத்துத் தொடங்குவோம். அது பிடித்த பிறகு குட்டியைக் குறைப்போம். வாரா வாரம் மூச்சுப் பயிற்சிக்கும் வரச் சொன்னாள். பயம் வந்தால் ஓடாமல் அதோடு உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் கற்றுக்கொள்ளலாம் என்றாள்.

"அவசரம் வேணாம்மா. நாம யாரும் ரயிலப் புடிக்கப் போறதில்ல."

மாத்திரையைக் கால் கால் ஆக்குகிற வேலையை அங்கமுத்து எடுத்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். முதல் வாரம் பாதி தூளானது. பிறகு புது பிளேடு வாங்கி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டப் பழகினார். அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, யாரும் பேசக் கூடாது. சுவாதி தினத்தாள் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அன்றைய அளவை எழுதிவைத்திருந்தாள். சாந்தா ராத்திரி தாளைப் பார்ப்பாள், துண்டைப் பார்ப்பாள். "இது கால் இல்ல, அரைக்கால். கொள்ள அடிக்கிறீங்களா?"

"நீயே வெட்டிக்கடி."

"வேணாம். நீங்க மூச்சப் புடிக்கறதப் பாக்க நல்லாருக்குது."

வைரக்கண்ணுவிடம் புதுச் சீட்டைக் கொண்டுபோனபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நல்லதுன்னு நெனச்சித்தான் குடுத்தேன்க்கா."

"தெரியும்டா. இனிமே யாருக்கும் பழைய சீட்டுக்குக் குடுக்காத. நான் வந்து கெஞ்சினாலும் குடுக்காத."

ஐப்பசியில் ஒரு தடவை கெஞ்சவும் செய்தாள். மழை விடாமல் பெய்த வாரம். அளவு குறைந்து பத்து நாள் ஆகியிருந்தது, தூக்கம் போய்விட்டது. அவன் கொடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, தன் வண்டியிலேயே அவளைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனான். டாக்டர் அளவைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இருக்கிற இடத்தில் ஒரு மாதம் நிற்கலாம் என்றாள். சாந்தா அந்த ஒரு மாதத்தைத் தோற்றுப்போனதாக நினைத்து அழுதாள். தை பிறந்தபோது குழம்பில் உப்புச் சரியாக இருந்தது. வார்த்தைகளும் தேடாமல் வந்தன. அங்கமுத்து அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அடுத்த வைகாசிக்குள் கால் மாத்திரைக்கு வந்திருந்தாள். காப்புக்கு ஒரு வாரம் முன்னால் சுவாதிக்குப் போன் போட்டாள்.

"ஆறு மாசமா படபடப்பு இல்ல. குட்டி மாத்திர குறைஞ்சிக்கிட்டே போவுது. பெரிய மாத்திர இருக்குது. டாக்டரு பேச்சு இருக்குது. ஒங்கப்பா பிளேடு இருக்குது. ஆத்தாவும் எங்கயாவது இருப்பா. இதுல எது எவ்வளவு செஞ்சிச்சின்னு பிரிச்சிச் சொல்ல முடியுமா?"

சுவாதி யோசித்தாள். "முடியாதும்மா. எந்த மெஷினாலயும் முடியாது."

"அப்ப எடுத்துடறேன். பாதி செஞ்சிருந்தாலும் கூலி கூலிதான்."

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தாள். தாள் ஆடவில்லை. காப்புக் காலத்திலும் மாத்திரையை விடக் கூடாது, சட்டி எடுக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். சாந்தா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை. மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை வளையத்தின் மேல் சட்டி. ஒரு பக்கம் அங்கமுத்து, ஒரு பக்கம் சுவாதி. பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. முன்னால் போன பெண்கள் இரண்டு பேர் ஆடினார்கள். சாந்தா சட்டியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வெங்காயக் கூடையை மேட்டில் ஏற்றும்போது நடப்பதுபோல, அடி பார்த்து நடந்தாள். ஆண்டாயி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கூடவே வந்தாள். இந்தத் தடவை தன் மகளுக்கு வரன் கேட்கலாம் என்று காத்திருந்தாள். கோயில் வந்துவிட்டது. சாந்தாவுக்குத் தோள்கூடக் குலுங்கவில்லை. சட்டியைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா சாந்தா, இந்த வருசம் ஆத்தா வரலியே" என்றாள் ஆண்டாயி, பெரிய ஏமாற்றத்தோடு.

"வந்தாக்கா. மேல ஏறல, கூட நடந்தா."

ஆண்டாயிக்கு அது போதவில்லை. "வரன் எப்ப அமையும்னு ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"மொதல்ல பொண்ணு என்னா சொல்லுதுன்னு கேளுங்க."

வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வாசலில் ரேடியோ செட், முற்றத்தில் பாத்திரம் கழுவும் சத்தம், குழந்தைகள். சாந்தா சாப்பிட்டுவிட்டு, கூடத்தின் ஓரத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்தாள். அப்போது மணி ஒன்று. கால் மாத்திரை ராத்திரிக்குத்தான், இன்னும் பிளேடுகூட எடுக்கவில்லை. புடவையை இழுத்துச் சரிசெய்தாள். மகளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் தூங்கிப்போனாள். யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அங்கமுத்து எழுந்துபோய் ரேடியோ செட்டுக்காரனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அவன் திருவிழா நாளில் குறைக்க மாட்டேன் என்றான். இருவரும் அங்கே வெகுநேரம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சாந்தா ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள்.